எஸ். வி. ரங்காராவ்

எஸ். வி. ரங்காராவ் (சாமர்ல வெங்கட ரங்காராவ், ஜூலை 3, 1918 – ஜூலை 18, 1974) தெலுங்கு, தமிழ்த் திரைப்படங்களில் நடித்த புகழ் பெற்ற குணச்சித்திர நடிகர் ஆவார். இரண்டு திரைப்படங்களை இயக்கியுள்ளார். படத் தயாரிப்பிலும் ஈடுபட்டார். 1940களின் பிற்பகுதி முதல் 1974 இல் மறையும் வரை மந்திரவாதி, அரக்கன், பேரரசன், ஜமீன்தார், குடும்பத் தலைவர், ஏழைத் தொழிலாளி எனப் பலதரப்பட்ட வேடங்களை ஏற்றார். பாதாள பைரவி படத்தின் நேபாள மந்திரவாதி, மாயா பஜார் படத்தின் கடோத்கஜன், நர்த்தனசாலா படத்தின் கீசகன், பக்த பிரகலாதா படத்தின் இரணியகசிபு ஆகியவை புராண, கற்பனைக் கதைகளில் அவருடைய புகழ் பெற்ற வேடங்களாகும். தமிழில் படிக்காத மேதை, கற்பகம், நானும் ஒரு பெண் ஆகிய குடும்பக் கதைகளில் அவர் ஏற்ற தந்தை வேடங்கள் பெரிதும் பாராட்டப்பட்டன.

வாழ்க்கைக் குறிப்பு

ரங்காராவ் ஆந்திரப் பகுதியின் அன்றைய கிருஷ்ணா மாவட்டத்தில் இருந்த நூஜிவீடு என்னும் ஊரில் பிறந்தார். அப்பகுதி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. இளமையில் பாட்டியாரின் பராமரிப்பில் சென்னையில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பிற்காலத்தில் தமிழ்ப் படங்களில் சொந்தக் குரலிலேயே பேசி நடிப்பதற்கு இச்சென்னை வாழ்க்கை அவருக்கு உதவியது.

பின்னர் ஆந்திரப் பகுதிக்குத் திரும்பிக் காக்கிநாடாவில் அறிவியல் பட்டப்படிப்பு படித்தார். அங்கு 'யங் மென்ஸ் ஹாப்பி கிளப்' என்னும் நாடகக் குழுவில் சேர்ந்து நடித்தார. பின்னாளில் புகழ் பெற்ற நடிகை அஞ்சலி தேவியும் இசையமைப்பாளர் ஆதிநாராயண ராவும் அக்குழுவில் இருந்தவர்களே. ரங்காராவ் தெலுங்கு நாடகங்களுடன் ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களையும் மேடையில் ஏற்றார். படிப்பிற்குப் பின் தீயணைப்புத் துறையில் அதிகாரியாகப் பணியாற்றினார். நடிப்பின் மீது கொண்ட ஆர்வத்தால் அப்பணியை விட்டு விலகினார்.

திரையுலக நுழைவு

ரங்காராவின் முதல் திரைப்படம் பி. வி. ராமானந்தம் இயக்கிய வரூதினி (1947) என்னும் தெலுங்குப் படமாகும். அதில் கதாநாயகனாக நடித்தார். படம் வெற்றி பெறவில்லை. வேறு வாய்ப்புகள் வராததால் அவர் திரையுலகை விட்டு ஜாம்ஷெட்பூர் சென்று டாட்டா நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

சில ஆண்டுகளில் மீண்டும் அழைப்பு வந்தது. பல்லெட்டூரி பில்லா (1950) படத்தில் சிறு வேடம் ஒன்றில் நடித்தார். அதே ஆண்டில் விஜயா நிறுவனத்தின் முதல் படமான சௌக்காரு வெளியானது. எல். வி. பிரசாத் இயக்கிய அப்படத்தில் சுன்னப்பு ரங்கடு என்னும் ஊர் ரௌடியாக நடித்தார். அவ்வேடம் அந்நிறுவனத்தாரின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது. அடுத்த படத்தில் கதையின் மையமான எதிர்நாயகன் வேடம் அவருக்குக் கிடைத்தது.

பாதாள பைரவி

கே. வி. ரெட்டி இயக்கிய பாதாள பைரவி (1951) தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. இளவரசியை மணக்க விரும்பும் தோட்டக்காரன் மகனாக என். டி. ராமராவ் நடித்தார். அவ்விளைஞனைப் பாதாள பைரவிக்குப் பலியிட்டு, கேட்டதெல்லாம் தரும் மந்திரச் சிலையைப் பெற நினைக்கும் நேபாள மந்திரவாதி வேடம் ரங்காராவுடையது. அப்போது அவருக்கு வயது 32.

அன்றைய படங்களில் மந்திரவாதி என்றால் உரத்துச் சிரித்து, கண்களை உருட்டி மிரட்டுபவன் என்பதே வழக்கம். ரங்காராவின் மந்திரவாதி பெரும்பாலும் தணிந்த குரலில் பேசுகிறான். தான் பலியிடப் போகும் இளைஞனைப் பரிவுடன் ஊக்குவிக்கிறான். பார்வையாளர்களுக்கு அவன் நோக்கம் தெரியும், இளைஞனுக்குத் தெரியாது. எனவே அவன் காட்டும் அன்பே அச்சத்தை உண்டாக்குகிறது. இப்படத்தின் பெருவெற்றி ராமராவை முன்னணி நாயகனாக்கியது. ரங்காராவை இரு மொழிகளிலும் அறியப்பட்ட நடிகராக்கியது.

இருமொழித் திரைப்படங்கள்

1950களில் சென்னைப் படப்பிடிப்புத் தளங்களில் ஒரே கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியே படமாக்கும் வழக்கம் இருந்தது. அரங்கமும் தொழில்நுட்பக் கலைஞர்களும் பொதுவாக இருப்பர். அந்தந்த மொழி இரசிகர்களுக்கு ஏற்ப நாயகனும் நகைச்சுவை நடிகரும் மாறுவர். இரு மொழிகளிலும் மாறாமல் இடம்பெற்ற மிகச் சிலருள் சாவித்திரியும் ரங்காராவும் முக்கியமானவர்கள்.

* மிஸ்ஸம்மா / மிஸ்ஸியம்மா (1955): தெலுங்கில் என். டி. ராமராவ் ஏற்ற நாயகன் வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். காணாமற்போன மூத்த மகளை மறக்க இயலாத ஜமீன்தாராக ரங்காராவ் இரண்டிலும் நடித்தார்.
* மாயா பஜார் (1957): தெலுங்கில் அபிமன்யுவாக அக்கினேனி நாகேசுவரராவும் தமிழில் ஜெமினி கணேசனும் நடித்தனர். கடோத்கஜன் இரண்டிலும் ரங்காராவே.
* குண்டம்மா கதா / மனிதன் மாறவில்லை (1962): இரண்டு மகன்களின் செல்வந்தத் தந்தையாக இரண்டிலும் ரங்காராவ் நடித்தார்.

இம்முறையில் ஒரு நடிகர் ஒரே காட்சியை இரு மொழிகளின் பேச்சு ஓட்டத்திற்கு ஏற்ப இருமுறை நடிக்க வேண்டும். எதிரே நிற்கும் நடிகரும் மாறியிருப்பார். தமிழ் பேசும்போது ரங்காராவிடம் தெலுங்குச் சாயல் சிறிது தெரியும். ஆயினும் தமிழ் இரசிகர்கள் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. நாளடைவில் அது அவருடைய குரலின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

கடோத்கஜன்

மாயா பஜார் படத்தில் ரங்காராவ் ஏற்ற கடோத்கஜன், வலிமையைச் சிறுவனின் குதூகலத்துடன் பயன்படுத்தும் அரக்கன். கதாயுதத்தைத் தோளில் சாய்த்து நடக்கும் நடையும், மீசையைத் தடவிக்கொள்ளும் பெருமிதமும், தாய் இடும்பியின் முன் பணியும் பணிவும் ஒரே பாத்திரத்தில் இயல்பாக இணைகின்றன. உதவியாளன் ஒருவன் புதிய சொல்லொன்றைத் தவறாகப் புனைந்துவிட, யாரும் உருவாக்காமல் சொற்கள் எவ்வாறு பிறக்கும் என்று கேட்டு அவனுக்குப் பரிசளிக்கும் காட்சி தெலுங்கு இரசிகர்களால் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

திருமண விருந்து முழுவதையும் தனியாளாக உண்டு முடிக்கும் பாடற்காட்சி இப்படத்தின் உச்சங்களுள் ஒன்று. தமிழில் 'கல்யாண சமையல் சாதம்' எனத் தொடங்கும் இப்பாடலைத் திருச்சி லோகநாதன் பாடினார். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் தந்திரக் காட்சிகளால் பண்டங்கள் தாமே பறந்து வாயில் விழுகின்றன. காட்சியில் உடன் நடிக்க எவரும் இல்லை. தட்டுகளையும் அண்டாக்களையும் நோக்கி அவர் காட்டும் வியப்பும் நிறைவுமே பார்வையாளர்களை அத்தந்திரத்தை நம்ப வைக்கின்றன.

கடோத்கஜன் மணப்பெண்ணின் உருவெடுத்து எதிரிகளை ஏய்க்கும் பகுதியில் சாவித்திரி நடித்தார். பெண்ணுருவில் இருப்பது அரக்கன் என்பதை உணர்த்த, ரங்காராவின் நடையையும் தோளசைவையும் மிடுக்கையும் சாவித்திரி வெளிப்படுத்தினார். இன்னொருவர் சில அசைவுகளில் செய்து காட்டினாலே அடையாளம் தெரியுமளவிற்கு அவ்வேடத்தின் உடல்மொழியை ரங்காராவ் தெளிவாக அமைத்திருந்தார்.

தந்தை வேடங்கள்

ரங்காராவ் முப்பத்தைந்து வயதை ஒட்டியே முதியவர் வேடங்களை ஏற்கத் தொடங்கினார். தேவதாஸ் (1953) படத்தில் தன்னைவிட ஏறத்தாழ ஐந்து வயதே இளையவரான நாகேசுவரராவின் தந்தையாக நடித்தார். கற்பகம் (1963) படத்தில் அவருக்கு மருமகனாக நடித்த ஜெமினி கணேசன் 1920 இல் பிறந்தவர். வயது வேறுபாடு இரண்டாண்டுகள் மட்டுமே. நரைத்த முடியை ஒப்பனை தந்தது. முதுமையின் தளர்ச்சியையும் பொறுமையையும் நடிப்பே தர வேண்டியிருந்தது.

பீம்சிங் இயக்கிய படிக்காத மேதை (1960) படத்தில் பெரும் செல்வந்தராக இருந்து செல்வத்தை இழக்கும் குடும்பத் தலைவராக நடித்தார். படித்த பிள்ளைகள் விலகிச் செல்ல, வீட்டில் வளர்ந்த படிப்பறிவற்ற ரங்கன் மட்டும் மாறாத அன்புடன் இருக்கிறான். ரங்கனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். சிவாஜியின் பாத்திரம் உணர்ச்சிகளை வெளிப்படையாகக் கொட்டுவது. ரங்காராவின் பாத்திரம் அவற்றை அடக்கிக்கொள்வது. இவ்வேறுபாடே அவ்விருவரின் காட்சிகளுக்கு வலிமை தந்தது. இப்படத்தின் தெலுங்கு வடிவமான ஆத்மபந்துவு (1962) படத்திலும் அதே வேடத்தை ரங்காராவ் ஏற்றார்.

கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய கற்பகம் படத்தில், மகளை இழந்த பின் மருமகனுக்குத் தாமே மறுமணம் செய்துவைத்து, வந்த பெண்ணைத் தம் மகளாகவே ஏற்கும் நிலக்கிழாராக நடித்தார். மகளின் இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தும் துயரமும், அப்பெண்ணுக்குக் குறை நேரக்கூடாது என்னும் கவலையும் அப்பாத்திரத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய நானும் ஒரு பெண் (1963) படத்தில், கருநிறம் கொண்டவள் என்பதற்காக இகழப்படும் மருமகள் வாழவரும் வீட்டின் ஜமீன்தாராக நடித்தார். இக்கதையைத் தெலுங்கில் நாதி ஆட ஜன்மே (1965) என்னும் பெயரில் தாமே தயாரித்தார்.

பங்காரு பாப்பா

ரங்காராவின் நடிப்பில் தனித்து நிற்பது பி. என். ரெட்டி இயக்கிய பங்காரு பாப்பா (1955) என்னும் தெலுங்குப் படமாகும். ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டின் சைலஸ் மார்னர் என்னும் புதினத்தைத் தழுவிய கதை இது. சிறை சென்று மீண்டு, மனிதர்கள் மீது வெறுப்புற்ற கோட்டய்யா, கைவிடப்பட்ட குழந்தையொன்றைக் கண்டெடுத்து வளர்க்கிறான். அக்குழந்தை அவனை மெல்ல மாற்றுகிறது. முரட்டு உடலும் அடர்ந்த தாடியும் கொண்ட ஒருவன் குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கும் தயக்கத்திலிருந்து அப்பாத்திரம் வளர்கிறது. சிறந்த தெலுங்குப் படத்திற்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை இப்படம் பெற்றது.

கீசகனும் இரணியனும்

நர்த்தனசாலா (1963) மகாபாரதத்தின் விராட பருவக் கதையைக் கூறும் தெலுங்குப் படமாகும். கமலாகர காமேசுவர ராவ் இயக்கினார். சைரந்திரியாக மறைந்து வாழும் திரௌபதியை விரும்பி அழியும் கீசகனாக ரங்காராவ் நடித்தார். விராட நாட்டின் படைத்தலைவனான கீசகன், தான் கேட்டு மறுக்கப்பட்டதே இல்லை என்னும் எண்ணத்தில் ஊறியவன். ரங்காராவ் அவனை வெறும் காமுகனாகக் காட்டாமல், மறுப்பைப் புரிந்துகொள்ளவே இயலாத செருக்கனாகக் காட்டினார். ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் இவ்வேடத்திற்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

ஏவி.எம். நிறுவனத்தின் பக்த பிரகலாதா (1967) அவருடைய இரு வகை வேடங்களும் ஒன்றுகூடும் படமாகும். இரணியகசிபு மூவுலகையும் அடக்கிய அசுரன்; அதே வேளையில் மகனைக் கொஞ்சி மகிழும் தந்தை. மகனின் வாயிலிருந்து பகைவனின் பெயரையே கேட்கும்போது இவ்விரண்டும் மோதுகின்றன. மகனைக் கொல்ல ஆணையிடும் காட்சிகளில் சினத்துடன் தந்தையின் வேதனையும் தெரிவதால், அழியப்போகும் அசுரன் மீது பார்வையாளர்களுக்கு இரக்கம் பிறக்கிறது. இதே வேடத்தைச் செஞ்சு லட்சுமி (1958) படத்திலும் அவர் ஏற்றிருந்தார்.

நடிப்பு முறை

வேடத்திற்கு வேடம் அடையாளம் தெரியாதபடி உருமாறும் நடிகர் அல்லர் ரங்காராவ். உயர்ந்து பருத்த உடலையும் கனத்த குரலையும் எவ்வேடத்திலும் மறைக்க இயலாது. அவர் அதற்கு முயலவும் இல்லை. அவருடைய பாத்திரங்களுள் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவை. மந்திரவாதிக்கு மந்திரம், அரசனுக்கு ஆட்சி, ஜமீன்தாருக்கு நிலம், தந்தைக்குக் குடும்பம். அதிகாரம் உடைய மனிதன் அதனை என்ன செய்கிறான், அது அவனை என்ன செய்கிறது என்னும் கேள்விக்குப் படத்திற்குப் படம் வேறு விடை தந்ததே அவருடைய பன்முகத் திறனாகும். கடோத்கஜன் அதில் மகிழ்கிறான். கீசகன் அதனால் அழிகிறான். படிக்காத மேதையின் தந்தை அதனை இழக்கிறார். கற்பகத்தின் தந்தை அதனைப் பிறர் நலனுக்காகப் பயன்படுத்துகிறார். அனார்கலி (1955) படத்தின் அக்பர், நீதிக்கும் மகன் மீதான பாசத்திற்கும் இடையே சிக்கிக்கொள்கிறார்.

இவ்வேறுபாடுகளைக் காட்ட அவர் பயன்படுத்திய வழிமுறைகள் எளியவை. வசனத்தின் இறுதிச் சொல்லைத் தணிந்த குரலில் முடிப்பது, பதில் கூறுமுன் சற்று நிறுத்துவது, எதிரே உள்ளவரைப் பார்க்காமல் பேசுவது, உட்காரும் விதத்தை மாற்றுவது ஆகியவை அவற்றுள் சில. உரத்த பேச்சு போற்றப்பட்ட காலத்தில் இவ்வடக்கம் தனித்துத் தெரிந்தது. குரலை உயர்த்தும்போதும் அதனால் கூடுதல் பயன் விளைந்தது.

நாயகனை மையமாகக் கொண்ட திரையுலகில் குணச்சித்திர நடிகருக்கு உள்ள எல்லைகள் ரங்காராவுக்கும் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் தமிழ்ப் படங்கள் பல அவரை நல்லியல்பு கொண்ட செல்வந்தத் தந்தை என்னும் ஒரே வார்ப்பில் பயன்படுத்தின. தெலுங்கில் கிடைத்த புராண, வரலாற்று வேடங்களின் விரிவு தமிழில் அவருக்குக் குறைவாகவே கிடைத்தது. எனவே தமிழ்ப் படங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவருடைய திறனின் ஒரு பகுதியே தெரியவரும்.

இயக்குநராக

ரங்காராவ் சதரங்கம் (1967), பாந்தவ்யாலு (1968) ஆகிய தெலுங்குப் படங்களை இயக்கினார். பாந்தவ்யாலு, தாம் நடித்த கண் கண்ட தெய்வம் (1967) என்னும் தமிழ்ப் படத்தின் தெலுங்கு வடிவமாகும். இரு படங்களும் ஆந்திரப் பிரதேச அரசின் நந்தி விருதுகளைப் பெற்றன.

மறைவும் நினைவும்

1970களிலும் ரங்காராவ் தொடர்ந்து நடித்தார். தமிழில் அன்புச் சகோதரர்கள் (1973) படத்தில் தம்பியருக்காக வாழும் மூத்த அண்ணனாக நடித்தார். ஜூலை 18, 1974 அன்று மாரடைப்பால் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. அவர் நடித்த யசோதா கிருஷ்ணா அவர் மறைவிற்குப் பின் 1975 இல் வெளியானது.

தெலுங்கு இரசிகர்கள் அவரை 'விசுவநட சக்கரவர்த்தி', 'நட யசஸ்வி' ஆகிய பட்டங்களால் அழைக்கின்றனர். வாழ்ந்த காலத்தில் பத்ம விருது எதுவும் அவருக்கு வழங்கப்படவில்லை. இந்தியத் திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி 2013 இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சல் தலைகளில் ஒன்று ரங்காராவின் உருவத்தைத் தாங்கியது.

குறிப்பிடத்தக்க சில வேடங்கள்

* பாதாள பைரவி (1951) – நேபாள மந்திரவாதி
* தேவதாஸ் (1953) – தேவதாசின் தந்தை
* பங்காரு பாப்பா (1955, தெலுங்கு) – கோட்டய்யா
* மிஸ்ஸியம்மா (1955) – ஜமீன்தார்
* அனார்கலி (1955, தெலுங்கு) – அக்பர்
* மாயா பஜார் (1957) – கடோத்கஜன்
* படிக்காத மேதை (1960) – குடும்பத் தலைவர்
* பார்த்திபன் கனவு (1960) – நரசிம்ம பல்லவர்
* கற்பகம் (1963) – கற்பகத்தின் தந்தை
* நானும் ஒரு பெண் (1963) – ஜமீன்தார்
* நர்த்தனசாலா (1963, தெலுங்கு) – கீசகன்
* பொப்பிலி யுத்தம் (1964, தெலுங்கு) – தாண்ட்ர பாப்பராயுடு
* பாண்டவ வனவாசம் (1965, தெலுங்கு) – துரியோதனன்
* பக்த பிரகலாதா (1967, தெலுங்கு) – இரணியகசிபு
* அன்புச் சகோதரர்கள் (1973) – மூத்த அண்ணன்